இரட்டை பஸ் சப்-ஸ்டேஷனில் பஸ்பாரின் ஆம்பியர் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக சப்-ஸ்டேஷனுக்கு வரும் உதவிப் பொறியாளர்களும் ஷிஃப்ட் ஆபரேட்டர்களும் பேனல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும் பஸ்பார் (நிலையத்தின் எல்லா லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்து சேரும் பொதுவான கடத்தி, சுருக்கமாக பஸ்) பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பல பதில்களில் ஒரே உதாரணம் வரும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு 230/110 கேவி நிலையம். 110 கேவி பக்கம் இரட்டை பஸ். ஒவ்வொரு பஸ்ஸும் 800 ஆம்பியர். 100 எம்விஏ ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, 110 கேவி லைன் ஆறு. 100 எம்விஏ என்றால் 110 கேவி பக்கம் 525 ஆம்பியர். (எம்விஏ-வை 1.732-ஆலும் கேவி-யாலும் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும்.) இடமிருந்து வலமாக பே (ஒரு லைனோ டிரான்ஸ்ஃபார்மரோ பஸ்ஸில் சேரும் இடம்) வரிசை இப்படி: லைன் 1 (250 ஆம்பியர்), லைன் 2 (200), டிரான்ஸ்ஃபார்மர் 1, லைன் 3 (150), லைன் 4 (150), டிரான்ஸ்ஃபார்மர் 2, லைன் 5 (200), லைன் 6 (100). லைன்களின் மொத்த லோட் 1050 ஆம்பியர், இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் தருவதும் 1050. நிலையம் கற்பனை. ஆனால் இதே அமைப்பில் தமிழ்நாட்டில் பல நிலையங்கள் உண்டு.

இரட்டை பஸ்னா ரெண்டு பஸ்ஸும் எப்பவும் ஓடுமா, ஒண்ணு ஸ்பேரா சார்?

இரண்டும் ஓடும். ஒவ்வொரு பே-யிலும் ஒரு பிரேக்கர் (ஓடும் கரண்ட்டை வெட்டும் ஸ்விட்ச்), பஸ் பக்கம் இரண்டு ஐசொலேட்டர் (லோடை வெட்டாமல் இணைப்பை மட்டும் பிரிக்கும் ஸ்விட்ச்). ஒன்று பஸ் 1-க்கு, மற்றொன்று பஸ் 2-க்கு. எந்த ஐசொலேட்டரை மூடியிருக்கிறோமோ அந்த பஸ்ஸில் அந்த ஃபீடர் (பே-யில் சேரும் லைன்) நிற்கும். இரண்டு பஸ்ஸையும் இணைக்கத் தனி பிரேக்கர் ஒன்று இருக்கும். அதுதான் பஸ் கப்ளர். சாதாரண நாளில் ஃபீடர்களை இரண்டு பஸ்ஸிலும் பிரித்து வைத்து, கப்ளரை மூடி ஓட்டுவார்கள்.

மெயின் பஸ்ஸும் டிரான்ஸ்ஃபர் பஸ்ஸும் உள்ள நிலையத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே டிரான்ஸ்ஃபர் பஸ்ஸில் வழக்கமாக லோட் இருக்காது, ஒரு பே-யின் பிரேக்கரை வேலைக்கு எடுக்கும்போது மட்டும்தான் அது சார்ஜ் ஆகும். இங்கே நாம் பேசுவது இரண்டுமே மெயின் பஸ்ஸாக உள்ள அமைப்பைப் பற்றி.

பேனல் நேம்பிளேட்ல பஸ்பார் 2000 ஆம்பியர்னு போட்டிருக்கு. அதுக்கு மேல போனா செம்பு உருகிடுமா?

உருகாது. செம்பின் உருகுநிலை 1085 டிகிரி, அந்தப் பக்கமே நாம் போவதில்லை. நேம்பிளேட்டில் இருப்பது வெப்பநிலை எல்லை. அந்த 2000 ஆம்பியர் இடைவிடாமல் ஓடினாலும் பஸ்ஸின் எந்தப் பகுதியும் ஐஇசி 62271-1 என்ற சர்வதேசத் தரநிலை அனுமதிக்கும் சூட்டைத் தாண்டாது என்பதே அதன் பொருள். வெளிக்காற்று அதிகபட்சம் 40 டிகிரி, 24 மணி நேரச் சராசரி 35 டிகிரிக்கு மேல் போகாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

எல்லையை முதலில் தொடுவது வெறும் பார் அல்ல, போல்ட் போட்ட ஜாயின்ட். வெள்ளி முலாம் பூசிய போல்ட் ஜாயின்ட் காற்றில் 115 டிகிரி வரை போகலாம், அதாவது 40 டிகிரிக்கு மேல் 75 டிகிரி ஏற்றம். வெள்ளீய முலாம் என்றால் 105 டிகிரி, ஏற்றம் 65. அதைத் தாண்டி ஓட்டினால் அன்றே எதுவும் வெடித்துவிடாது. ஜாயின்ட்டின் மேற்பரப்பு மெல்ல ஆக்சைடு ஆகும், ரெசிஸ்டன்ஸ் கூடும், அதனால் சூடு இன்னும் கூடும். பக்கத்தில் இருக்கும் எப்பாக்ஸி இன்சுலேட்டரின் ஆயுளும் குறையும். பல மாதம் கழித்து ஒரு நாள் அது ஃபால்ட்டாக வந்து நிற்கும்போது, காரணமான ஓவர்லோடு யாருக்கும் நினைவில் இருக்காது.

1250, 1600, 2000, 2500, 3150... நடுவுல 1400, 1800 ஏன் கிடையாது?

ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல ஏறத்தாழ 1.26 மடங்கு. பத்துப் படியில் பத்து மடங்கு. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார் வகுத்த எண்வரிசை இது. தயாரிப்பாளர்கள் ஆயிரம் அளவுகளில் பார் செய்யாமல் சிலவற்றோடு நிறுத்திக்கொள்ள உதவுகிறது.

வேலையில் இது எங்கே இடிக்கும் என்றால், 25 எம்விஏ, 110/11 கேவி டிரான்ஸ்ஃபார்மரின் 11 கேவி பக்கம் 1312 ஆம்பியர். 1250 பஸ் போதவே போதாது. "62 ஆம்பியர்தானே, சமாளிக்கலாம்" என்று 1250 பேனலை ஆர்டர் செய்யச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த படி 1600, அதைத்தான் எடுக்க வேண்டும்.

எல்லா ஃபீடரையும் கூட்டினா 1050 வருது சார். பஸ் 800தான். டிசைன் பண்ணவங்க தப்பு பண்ணிட்டாங்களா?

இல்லை. அதிகம் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். பஸ் முழுவதும் ஒரே மின்னோட்டம் ஓடுவதில்லை. ஒவ்வொரு பே-யிலும் கரண்ட் உள்ளே வருகிறது அல்லது வெளியே போகிறது. ஆகவே ஒரு பே-க்கும் அடுத்த பே-க்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு துண்டிலும் கரண்ட் வேறு. துண்டில் ஓடுவது எவ்வளவு என்று அறிய, அந்த இடத்தில் பஸ்ஸை மனதுக்குள் வெட்டி, ஒரு பக்கத்தில் உள்ள வரவையும் செலவையும் மட்டும் கூட்டிக் கழித்தால் போதும்.

பஸ் 2 வேலைக்காக நிறுத்தப்பட்டு, எட்டு பே-யும் பஸ் 1-இல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். லைன் 1-க்கும் லைன் 2-க்கும் நடுவில் 250 ஆம்பியர், அதுவும் இடப்பக்கமாக. லைன் 2-க்கும் டிரான்ஸ்ஃபார்மர் 1-க்கும் நடுவில் 250-ம் 200-ம் சேர்ந்து 450. டிரான்ஸ்ஃபார்மர் 1 தரும் 525-இல் 450 இடப்பக்கம் போய்விட, மீதி 75 வலப்பக்கம் லைன் 3-ஐ நோக்கிப் போகும். லைன் 3-க்கு 150 வேண்டும், ஆகவே மறுபக்கத்திலிருந்து 75 வந்தாக வேண்டும். லைன் 4-க்கும் டிரான்ஸ்ஃபார்மர் 2-க்கும் நடுவில் 225. டிரான்ஸ்ஃபார்மர் 2-க்கு வலப்பக்கம் 300, கடைசித் துண்டில் 100. மொத்த பஸ்ஸிலும் உச்சம் 450 ஆம்பியர்தான். 1050 என்ற எண் பஸ்ஸின் எந்தத் துண்டிலும் இல்லை.

இப்போது அதே லோட், அதே டிரான்ஸ்ஃபார்மர்கள், ஆனால் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் இடது ஓரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன என்று மாற்றிப் பாருங்கள். இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிய முதல் துண்டில் முழு 1050-ம் ஓடும். 800 ஆம்பியர் பஸ்ஸுக்கு அது மிகை. பே வரிசையை யார் எப்படி வரைந்தார்கள் என்பதுதான் பஸ்ஸின் விதியைத் தீர்மானிக்கிறது. வரவையும் செலவையும் மாறி மாறி வைப்பது செலவில்லாத நல்ல டிசைன்.

கூட்டிக் கழிக்கிறது சரி. ஆனா பவர் ஃபேக்டர் வேற வேறயா இருந்தா இப்படி நேரா கழிக்க முடியுமா?

சரியான கேள்வி. கண்டிப்பாகச் சொன்னால் முடியாது. கரண்ட்டுக்குக் கோணமும் உண்டு, எனவே மெகாவாட்டைத் தனியாகவும் மெகாவாரை (ரியாக்டிவ் பவரை)த் தனியாகவும் கூட்டிக் கழித்துவிட்டு, கடைசியில் ஆம்பியராக மாற்ற வேண்டும். லைன்களின் பவர் ஃபேக்டர் எல்லாம் 0.9-ஐ ஒட்டி இருந்தால் நேர்க் கணக்கில் பெரிய பிழை வராது. பஸ்ஸில் கெப்பாசிட்டர் பேங்க் இருந்தாலோ, ஒரு லைன் உற்பத்தி நிலையத்திலிருந்து வந்தாலோ கோணத்தோடுதான் போட வேண்டும்.

ரெண்டு பஸ், ஒவ்வொண்ணும் 800. அப்போ ஸ்டேஷன் 1600 தாங்கும்னு ரிப்போர்ட்ல எழுதலாமா?

எழுதாதீர்கள். இரட்டை பஸ்ஸுக்குப் பணம் செலவழிப்பதே ஒன்றை நிறுத்தினாலும் நிலையம் ஓட வேண்டும் என்பதற்காக. 1600 என்று திட்டமிட்டுவிட்டால் இன்சுலேட்டர் மாற்றக்கூட ஒரு பஸ்ஸுக்கு லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) கொடுக்க முடியாது. கணக்கு எப்போதும் "எல்லாம் ஒரே பஸ்ஸில் நின்றால்" என்ற நிலைக்குப் போட வேண்டும்.

அதற்காக நிலையத்தின் மொத்த லோட் 800-க்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்ல முடியாது. மேலே பார்த்த நிலையத்தில் 1050 ஆம்பியர் லோட் ஒரே பஸ்ஸில் நின்றும் உச்சம் 450தான். ஆகவே ரிப்போர்ட்டில் ஒற்றை எண்ணாக எழுதாமல், ஒரு பஸ் நின்ற நிலையில் எந்தத் துண்டில் எவ்வளவு என்று எழுதுங்கள். படிப்பவருக்கு அதுதான் உதவும்.

பஸ் கப்ளர் அம்மீட்டர்ல 75 ஆம்பியர்தான் காட்டுது. இவ்ளோ பெரிய பிரேக்கர் எதுக்கு?

டிரான்ஸ்ஃபார்மர் 1-ம் லைன் 1, 3, 5-ம் பஸ் 1-இல், மற்றவை பஸ் 2-இல் என்று பிரித்திருந்தால், பஸ் 1-இன் செலவு 600, வரவு 525. குறையும் 75 ஆம்பியர் பஸ் 2-இலிருந்து கப்ளர் வழியாக வரும். கப்ளரில் ஓடுவது இரண்டு பஸ்ஸுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு மட்டுமே. பிரிப்பு நன்றாக இருந்தால் முள் அசையவே அசையாது.

டிரான்ஸ்ஃபார்மர் 2 டிரிப் ஆகும்போது காட்சி மாறும். பஸ் 2-இன் மூன்று லைனுக்கும் வேண்டிய 450 ஆம்பியரும் கப்ளர் வழியாகப் போகப் பார்க்கும். (அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் 1 இரண்டு மடங்கு ஓவர்லோடில் இருக்கும், லோடைக் குறைத்தாக வேண்டும் என்பது வேறு விஷயம்.) ஒரு லைனின் பிரேக்கரை ஓரங்கட்டி, கப்ளரையே அதன் பிரேக்கராக வைத்து ஓட்டும் வசதி உள்ள நிலையங்களில் அந்த லைனின் முழு லோடும் கப்ளரில் வரும். அதனால்தான் கப்ளரின் பிரேக்கர், அதன் இரண்டு ஐசொலேட்டர், சிடி (கரண்ட்டை அளக்க உதவும் டிரான்ஸ்ஃபார்மர்) எல்லாவற்றையும் பஸ்ஸின் அளவுக்கே வாங்குவது வழக்கம். கப்ளர் சிடி-யில் மட்டும் சிக்கனம் பார்த்து, பின்னால் அது ஒன்றே முழு நிலையத்துக்கும் தடையாக நிற்பது அடிக்கடி நடக்கிறது. பஸ்ஸின் அளவைச் சொல்லும்போது அந்தப் பாதையில் உள்ள ஜம்பர், கிளாம்ப், ஐசொலேட்டர், சிடி எல்லாவற்றிலும் சிறியது எதுவோ அதையே சொல்ல வேண்டும்.

33 கேவி ஜிஐஎஸ்ல பஸ்பார் 2500, ஃபீடர் ஐசொலேட்டர் 1250ன்னு இருக்கு. தப்பான சப்ளையா?

சரியான சப்ளைதான். (ஜிஐஎஸ் என்பது வாயு நிரப்பிய மூடிய உறைக்குள் அமைந்த ஸ்விட்ச்கியர்.) ஃபீடர் ஐசொலேட்டர் வழியாகப் போவது அந்த ஃபீடரின் கரண்ட் மட்டும். பஸ்பார் பல ஃபீடர்களின் கரண்ட்டைச் சுமக்கிறது. இன்கமர் (பஸ்ஸுக்கு கரண்ட் கொண்டுவரும் பே), கப்ளர் இரண்டுக்கும் மட்டும் பெரிய ஐசொலேட்டர் வேண்டும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அது அடுத்த கேள்வியில் வருகிறது.

லோடை நிறுத்தாம ஒரு ஃபீடரை பஸ் 1-லருந்து பஸ் 2-க்கு மாத்தும்போது ரெண்டு ஐசொலேட்டரும் மூடியிருக்குமே, அப்போ அது வழியா என்ன ஓடும்?

கப்ளர் மூடியிருக்கும்போது ஃபீடரின் இரண்டு ஐசொலேட்டரையும் மூடினால், பஸ் 1-க்கும் பஸ் 2-க்கும் நடுவில் இரண்டாவது பாலம் உருவாகிறது. ஃபீடர் கரண்ட்டின் ஒரு பங்கும் கப்ளர் சுமந்த கரண்ட்டின் ஒரு பங்கும் அந்த ஐசொலேட்டர்களில் போகும். கப்ளர் நிலையத்தின் ஒரு கோடியிலும், மாற்றுகிற பே மறு கோடியிலும் இருந்தால் பங்கு பெரிதாக இருக்கும். எந்தப் பாதையில் தடை குறைவோ அங்கே அதிகம் ஓடும். முந்தைய பதிலில் சொன்ன விதிவிலக்கு இதுதான்: 1250 ஆம்பியர் ஐசொலேட்டரில் சில நிமிடங்களுக்குத் தன் ஃபீடருக்குச் சம்பந்தமில்லாத கரண்ட்டும் ஓடலாம். மாற்றும் முன் கப்ளர் அம்மீட்டரைப் பார்த்து, ஏற்றத்தாழ்வு அதிகம் இருந்தால் முதலில் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பழைய ஐசொலேட்டரைத் திறக்கும்போது அது இந்தக் கரண்ட்டைப் பாலத்திலிருந்து கப்ளர் பாதைக்குத் தள்ள வேண்டும். இதற்கென்றே ஐஇசி 62271-102-இல் தனி அளவு இருக்கிறது: ஐசொலேட்டரின் ரேட்டிங்கில் 80 சதவீதம், பொதுவாக 1600 ஆம்பியருக்கு மேல் போகாது. 1250 ஐசொலேட்டருக்கு 1000 ஆம்பியர். இந்தத் திறன் உங்கள் ஐசொலேட்டருக்கு உண்டா என்பதை டைப் டெஸ்ட் (அந்த மாடலின் மாதிரி ஒன்றில் செய்யும் சோதனை) சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்துல கப்ளர் டிரிப் ஆயிட்டா?

அதுதான் இந்த வேலையில் இருக்கும் உண்மையான ஆபத்து. கப்ளர் திறந்துகொண்டால் இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் மிஞ்சுவது அந்த ஃபீடரின் ஐசொலேட்டர்கள் மட்டுமே. கப்ளர் சுமந்த கரண்ட் முழுவதும் அவற்றில் வந்து விழும். அது தெரியாமல் ஆபரேட்டர் பழைய ஐசொலேட்டரைத் திறந்தால், கரண்ட்டுக்குப் போக வேறு பாதை இல்லை. முழு சிஸ்டம் வோல்டேஜில் ஆர்க் அடிக்கும். எதிரே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

அதனால் பஸ் மாற்றம் முடியும் வரை கப்ளர் டிரிப் ஆகாதபடி அதன் டிரிப் டிசி-யை (பிரேக்கரைத் திறக்க வைக்கும் டிசி சப்ளையை) எடுத்துவைப்பது பல இடங்களில் நடைமுறை. உங்கள் நிலையத்தின் ஆபரேஷன் உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி மட்டும் செய்யுங்கள். பஸ்பார் டிஃபரன்ஷியல் பாதுகாப்பையும் (பஸ்ஸின் வரவும் செலவும் பொருந்தாவிட்டால் ஃபால்ட் என்று கண்டு டிரிப் செய்யும் ரிலே) மறக்க வேண்டாம். எந்த ஃபீடர் எந்த பஸ்ஸில் என்பதை அது ஐசொலேட்டரின் ஆக்ஸிலரி கான்டாக்டை வைத்துத்தான் அறிகிறது. இரண்டும் மூடியிருக்கும் நேரத்தில் இரண்டு பஸ்ஸும் அதற்கு ஒரே ஜோன். அப்போது ஃபால்ட் வந்தால் இரண்டு பஸ்ஸும் போகும். இரண்டையும் மூடியபடி டீ குடிக்கப் போகும் வேலை இது இல்லை.

பஸ் 800 ஆம்பியர்ங்கறாங்க, பக்கத்துலயே 40 கிலோ ஆம்பியர்னும் எழுதியிருக்கு. ஐம்பது மடங்கு கரண்ட் எப்படித் தாங்கும்?

800 என்பது நாள் முழுக்க. 40 கிலோ ஆம்பியர் என்பது ஃபால்ட் நேரத்தில் 1 அல்லது 3 வினாடி. அந்தக் கொஞ்ச நேரத்தில் சூடு வெளியே போக வழியில்லை, எல்லாம் உலோகத்துக்குள்ளேயே தங்கும். பாரின் குறுக்குவெட்டு போதுமான தடிமனாக இருந்தால் வெப்பநிலை ஆபத்தான அளவை எட்டுவதற்குள் பிரேக்கர் ஃபால்ட்டை வெட்டிவிடும்.

மூன்றாவதாக ஓர் எண்ணும் அங்கே இருக்கும்: 100 கிலோ ஆம்பியர் உச்சம். 50 ஹெர்ட்ஸில் ஃபால்ட் கரண்ட்டின் முதல் அலை 2.5 மடங்கு வரை எழும் என்று வைத்து வருவது அது. சூடு இல்லை, விசை. பக்கத்துப் பக்கத்து ஃபேஸ்கள் ஒன்றையொன்று தள்ளும். 25 கிலோ ஆம்பியர் பேனல் ஒன்றில் ஃபேஸ் இடைவெளி 210 மில்லிமீட்டர் என்று வைத்தால், 62.5 கிலோ ஆம்பியர் உச்சத்தில் ஒவ்வொரு மீட்டர் பாரிலும் ஏறத்தாழ 3200 நியூட்டன். மீட்டருக்கு 300 கிலோவுக்கும் மேல் எடை திடீரென்று பக்கவாட்டில் வந்து மோதுவதற்குச் சமம். இன்சுலேட்டர்களை எத்தனை சென்டிமீட்டருக்கு ஒன்று வைப்பது என்பதை முடிவு செய்வது இந்த எண்தான். வெளி யார்டில் ஃபேஸ் இடைவெளி மூன்று மீட்டர் என்றால், 100 கிலோ ஆம்பியர் உச்சத்திலும் மீட்டருக்கு 580 நியூட்டன் அளவில்தான் இருக்கும்.

25 கிலோ ஆம்பியர் 3 வினாடின்னா, 1 வினாடிக்கு 43 கிலோ ஆம்பியர்னு எடுத்துக்கலாமே சார்? கரண்ட் வர்க்கம் பெருக்கல் நேரம் சமம்தானே?

சூட்டுக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. 25-ஐ 3-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 43.3 வரும். ஆனால் அந்தப் பேனலின் உச்ச அளவு 62.5 கிலோ ஆம்பியருக்குத்தான் சோதிக்கப்பட்டது. 43 கிலோ ஆம்பியர் ஃபால்ட்டின் முதல் உச்சம் 108 வரை போகும். விசை கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே மூன்று மடங்கு. முதல் பத்து மில்லிசெகண்டிலேயே இன்சுலேட்டர் உடையும். ஒரு வினாடியா மூன்று வினாடியா என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும். கீழே இறங்கும் திசையில் இந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம்: 31.5 கிலோ ஆம்பியர் 1 வினாடி பேனல், 3 வினாடிக்கு 18.2 தாங்கும். ஏறும் திசையில் கூடாது.

கப்ளரைத் திறந்து வெச்சா பஸ்ஸுக்கு நல்லதா?

ஃபால்ட் கரண்ட்டுக்கு நல்லது. இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே ஃபால்ட்டுக்கு நேரடியாக ஊட்டுவது நின்றுவிடும். கிரிட் வளர வளர ஃபால்ட் லெவல் பழைய பிரேக்கர்களின் அளவை நெருங்கிவிட்ட நிலையங்களில் இப்படிப் பிரித்து ஓட்டுவது உண்டு. விலையும் உண்டு: ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போனால் அந்த பஸ்ஸின் லைன்கள் எல்லாம் இருட்டு. தொடர் கரண்ட்டைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பஸ்ஸிலும் வரவும் செலவும் தனித்தனியே பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் மட்டும்தான் கூடுகிறது.

நம்ம ஊர் வெயில்ல 40 டிகிரின்னு வெச்சுக் கணக்கு போடலாமா?

கத்திரி வெயிலில் வேலூர், திருத்தணி, கரூர் பக்கம் காற்றே 40-ஐத் தாண்டும். மூடிய பேனல் அறையிலோ இன்னும் மேல். அதனால்தான் நம் நாட்டு டெண்டர்களில் 50 டிகிரி என்று கேட்பது வழக்கம். 40 டிகிரிக்குச் சோதித்த பேனலை 50 டிகிரியில் ஓட்டினால், வெள்ளி முலாம் ஜாயின்ட்டுக்கு 75 டிகிரி ஏற்றத்துக்குப் பதில் 65தான் மிச்சம். ஏற்றம் கரண்ட்டின் 1.8-ஆவது அடுக்கைப் பொறுத்தது என்று எடுத்தால், அனுமதிக்கப்படும் கரண்ட் 0.92 மடங்காகக் குறையும். 2500 பஸ் 2300 ஆகும், நம் 800 ஆம்பியர் பஸ் ஏறத்தாழ 740 ஆகும்.

வெளி யார்டில் கட்டிய ஏசிஎஸ்ஆர் (நடுவில் எஃகு வைத்த அலுமினியக்) கம்பிக்கு இந்த 0.92-கூடத் தாராளம். அதன் மேல் நேரடி வெயில் விழுகிறது, அனுமதிக்கப்படும் கம்பிச் சூடும் குறைவு. 75 டிகிரி எல்லை என்று வைத்தால் 50 டிகிரி நாளில் ஏற்றத்துக்கு 25 டிகிரிதான் மிச்சம். கம்பிக்குத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையைத் தனியே பார்க்க வேண்டும்.

ஊட்டி மாதிரி உயரமான இடத்துல?

காற்று அடர்த்தி குறைவதால் குளிர்விப்பது குறையும். ஆனால் அங்கே வெளிவெப்பமும் குறைவு, பெரும்பாலும் ஒன்று மற்றொன்றை ஈடுகட்டிவிடும். 1000 மீட்டருக்கு மேல் உண்மையில் கவனிக்க வேண்டியது இன்சுலேஷன் இடைவெளி.

ஒரு பார் போதலைன்னா பக்கத்துல இன்னொரு பார் போட்டா ரெட்டிப்பாயிடும்ல?

ஆகாது. ஏசி கரண்ட் உலோகத்தின் ஓரங்களை நாடும். 50 ஹெர்ட்ஸில் செம்பில் அது ஊடுருவும் ஆழம் 9.3 மில்லிமீட்டர் அளவு, அலுமினியத்தில் 12 அளவு. இரண்டு பாரை அருகருகே வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றின் கரண்ட்டை ஒதுக்கும். நடுவிலுள்ள முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதால் சூடும் எளிதில் வெளியேறாது. நாலாவது பார் போடும்போது கிடைக்கும் லாபம் முதல் பாரோடு ஒப்பிட மிகச் சிறியது. பெரிய கரண்ட்டுக்கு யார்டில் அலுமினியக் குழாயைப் பயன்படுத்துவது இதனால்தான். நடுவில் பயனில்லாத உலோகம் கிடையாது.

இன்னொன்று. அட்டவணையில் ஒரு பாருக்குக் கொடுத்திருக்கும் ஆம்பியர் திறந்தவெளியில் தனியாக நிற்கும் பாருக்கானது. மூடிய பேனலுக்குள் அதே பார் குறைவாகத்தான் சுமக்கும். டைப் டெஸ்ட் சான்றிதழில் உள்ள அளவு முழு பேனலுக்குமானது. தூசி வருகிறது என்று காற்றோட்டத் துளைகளைத் தகடு வைத்து அடைத்தால் அந்தச் சான்றிதழ் உங்கள் பேனலுக்குப் பொருந்தாது.

தெர்மோவிஷன்ல ஒரு ஐசொலேட்டர் 15 டிகிரிதான் கூட இருக்கு. விட்டுடலாமா?

தெர்மோவிஷன் என்பது சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா. அது எடுத்தபோது லோட் எவ்வளவு என்று சொல்லுங்கள், பிறகு முடிவு செய்யலாம். ரேட்டிங்கில் 40 சதவீத லோடில் 15 டிகிரி ஏற்றம் என்றால், முழு லோடில் அதே 1.8 அடுக்குக் கணக்கில் 78 டிகிரி வரும். வெள்ளி முலாமின் எல்லையே 75. அடுத்த லைன் கிளியரில் கவனிக்க வேண்டிய இடம் அது. பக்கத்து இரண்டு ஃபேஸிலும் அதே ஐசொலேட்டர் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். மூன்றும் ஒரே அளவு சூடு என்றால் லோட், ஒன்று மட்டும் என்றால் கான்டாக்ட்.

இரட்டை பஸ்ஸில் கூடுதலாக ஒரு சிக்கல்: திறந்திருக்கும் ஐசொலேட்டரை கேமரா சோதிக்காது. பஸ் 2-இல் பல மாதம் நிற்கும் ஃபீடரின் பஸ் 1 ஐசொலேட்டர் வாய் உப்புக்காற்றிலும் தூசியிலும் திறந்தே கிடக்கும். எண்ணூர், தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் இது இன்னும் மோசம். பஸ் மாற்றிய அன்றே, லோட் ஏறி ஓரிரு மணி நேரத்தில் மறுபடியும் ஸ்கேன் செய்யுங்கள்.

எங்க ஸ்டேஷன்ல காத்தாலை லைன் வருது. சீசன்ல எல்லாமே தலைகீழா இருக்கே?

ஆமாம். முப்பந்தல், கயத்தாறு, உடுமலை வட்டாரங்களில் மே முதல் செப்டம்பர் வரை காற்று வலுக்கும். மற்ற நாட்களில் செலவாக இருந்த லைன் வரவாக மாறும். டிரான்ஸ்ஃபார்மர் மேல்நோக்கி, 230 கேவி பக்கம் தள்ளும். மாறி மாறி வைத்த பே வரிசை அப்போது உங்களுக்கு உதவாமல் போகலாம், காற்றாலை லைன்கள் மூன்று அடுத்தடுத்து இருந்தால் அவற்றின் கரண்ட் ஒரே துண்டில் சேரும். அந்த நிலையங்களில் துண்டுக் கணக்கை இரண்டு முறை போட வேண்டும், சீசனுக்கு ஒன்று, மற்ற நாட்களுக்கு ஒன்று.

மூணாவது 100 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் வருது. இடம் வலது கடைசியிலதான் இருக்கு. பஸ்ஸை மாத்தணுமா?

துண்டு துண்டாகப் போடுவோம். லோட் 1575 வரை வளர்ந்து, எல்லா லைனும் ஒன்றரை மடங்கு ஆனாலும், மூன்று டிரான்ஸ்ஃபார்மரும் ஓடி எல்லாம் ஒரே பஸ்ஸில் நின்றால் உச்சம் 675, லைன் 2-க்கும் டிரான்ஸ்ஃபார்மர் 1-க்கும் நடுவில். 800-க்குள் அடங்குகிறது.

இப்போது பஸ் 2 நிறுத்தத்தில் இருக்கும்போதே டிரான்ஸ்ஃபார்மர் 1 டிரிப் ஆனால்? லோட் பழைய 1050 என்றே வைப்போம், மீதி இரண்டும் 525 வீதம் தருகின்றன. லைன் 4-க்கும் டிரான்ஸ்ஃபார்மர் 2-க்கும் நடுவில் வெட்டிப் பாருங்கள். இடப்பக்கம் லைன் 1 முதல் 4 வரை 750 ஆம்பியர், அத்தனையும் அந்த ஒரு துண்டு வழியாகத்தான் வந்தாக வேண்டும். 40 டிகிரியில் 800 பஸ்ஸுக்கு இது சரி. 50 டிகிரியில் நம்மிடம் இருப்பது 740.

முழு பஸ்ஸையும் மாற்றத் தேவையில்லை. அந்தத் துண்டிலும் அதன் இடப்பக்கம் லைன் 3 வரையிலும் கம்பியையும் கிளாம்ப்பையும் பெரிதாக்கினால் போதும், இரண்டு பஸ்ஸிலும். அதற்குப் பணம் வரும் வரை, பஸ் நிறுத்தத்துக்கான லைன் கிளியரை சித்திரை, வைகாசியில் கொடுக்காமல் மார்கழி, தை மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். லோடும் குறைவு, வெயிலும் குறைவு.